இரண்டே கால் மணிக் கொடி

அநியாயம் நடந்தது எனக்கு. செய்தவர் பெயர் சாத்தப்பன். கிலோமீட்டருக்கு நான்கு விநாடி வீதம் ஒன்பது கிலோமீட்டருக்குச் செய்தார். இதை மட்டும் முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள் அக்கா, மற்றதெல்லாம் விளக்கம்தான்.

நீங்கள் கேட்டது என் காலைப் பற்றி என்று தெரியும். 'ஏம்மா, வயசுப் பொண்ணு இப்படி நொண்டுறே' என்றுதானே கேட்டீர்கள்? நொண்டவில்லை. இன்று விடியற்காலை புதுக்கோட்டையில் இருபத்தொரு கிலோமீட்டர் ஓடிவிட்டு வருகிறேன். இதோ பதக்கம். தகரம்தான். ஓடி முடித்த எல்லாருக்கும் இதுதான். இல்லை, யாரும் துரத்தவில்லை. ஏன் ஓடினேன் என்றால் ஜனவரியிலிருந்து சொல்ல வேண்டும். நீங்கள் எங்கே இறங்குகிறீர்கள்? கீரனூரா? போதும், முடித்துவிடுவேன். அந்தப் பையை மட்டும் கீழே வைத்துக்கொள்ளுங்கள், நான் கையை நீட்டிப் பேசுவேன்.

என் பெயர் அங்கயற்கண்ணி. ஊர் மணப்பாறை. திருச்சியில் எம்.ஏ. இரண்டாம் ஆண்டு. நான் வாயைத் திறந்ததும் எல்லாரும் சட்டம் படிக்கிறாயா என்பார்கள். பொருளாதாரம். பட்டிமன்றத்தில் எந்தப் பக்கம் கொடுத்தாலும் பேசுவேன். யாருமே எடுக்காத பக்கத்தைக் கொடுத்தால் இன்னும் நன்றாகப் பேசுவேன். ஹாஸ்டலில் தூக்கம் வராமல் ஓட ஆரம்பித்து, உறையூரில் ஒரு ஓட்டக் குழுவில் சேர்ந்தேன். நாற்பது பேர் இருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் கல்லணைச் சாலையில் ஓட்டம், பிறகு ஒரு டீக்கடையில் வடை.

இந்த மாதிரிப் பந்தயங்களில் பேசர் என்று ஒருவர் இருப்பார் அக்கா. முதுகில் கம்பு கட்டி, அதில் கொடி. கொடியில் நேரம் எழுதியிருக்கும். இரண்டே கால் மணி என்று எழுதியிருந்தால், அவர் இரண்டே கால் மணியில் போய்ச் சேருவார். நாம் அவரோடு ஓடினால் நாமும் சேருவோம். அவரோடு ஓடுகிற கூட்டத்துக்குப் பஸ் என்று பெயர். ஆமாம், இந்தப் பஸ் மாதிரிதான், டிக்கெட் மட்டும் கிடையாது. எங்கள் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. பந்தயத்துக்கு முந்தின நாள், பஸ்ஸில் வரப்போகிறவர்களின் பெயரையெல்லாம் ஸ்கெட்ச் பேனாவால் கொடியிலேயே எழுதுவார்கள். முடித்ததும், நேரத்துக்குள் வந்தவர்கள் அவரவர் பெயருக்குப் பக்கத்தில் ஒரு டிக் போட்டுக்கொள்ள வேண்டும். பிறகு அந்தக் கொடி அடுத்த பந்தயம் வரை டீக்கடைச் சுவரில் தொங்கும்.

ஜனவரி மாதம் திருச்சிப் பந்தயத்தில் இரண்டே கால் மணிக் கொடி சாத்தப்பனுடையது. ஆறு வருடமாக அவருடையதுதான். முப்பத்தைந்து வயது, தையல் மிஷின் ரிப்பேர்க் கடை வைத்திருக்கிறார். எல்லாரும் சாத்தப்பண்ணன் என்பார்கள். நான் சொல்ல மாட்டேன். எனக்கு அண்ணன் மணப்பாறையில் இருக்கிறான், ஒருவன் போதும். அவர் பேசவே மாட்டார் அக்கா. கேட்டால் தலையாட்டுவார், ரொம்பக் கேட்டால் கும்பிடுவார். கொடியில் பன்னிரண்டு பெயர். பன்னிரண்டாவது நான். என் பெயர் நீளம் என்பதால் கடைசி மூன்று எழுத்து கொடியின் மடிப்புக்குள் போய்விட்டது. அதுவே ஒரு அலட்சியம், ஆனால் அதை நான் குற்றப்பத்திரிகையில் சேர்க்கவில்லை. எனக்கும் பெருந்தன்மை உண்டு.

பந்தயத்துக்கு முன்பே துறையில் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன், இரண்டே கால் மணிக்குள் ஓடப்போகிறேன் என்று. சொல்வதில் என்ன தவறு? துறைத் தலைவர் மகிழ்ந்துபோய் வெள்ளிக்கிழமையே அறிவிப்புப் பலகையில் எழுதிவிட்டார்: 'அரை மாரத்தானை இரண்டே கால் மணி நேரத்தில் நிறைவு செய்த நம் துறை மாணவிக்கு வாழ்த்துகள்.' பந்தயம் ஞாயிற்றுக்கிழமை. இறந்தகாலத்தில் எழுதாதீர்கள் ஐயா என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நன்றாக இருந்தது, படிப்பதற்கு.

இப்போது குற்றத்துக்கு வருகிறேன். இரண்டே கால் மணிக்கு ஓட வேண்டுமானால் ஒரு கிலோமீட்டருக்கு ஆறு நிமிடம் இருபத்துநான்கு விநாடி. கொடி தூக்குகிறவர் அதை வாக்காகக் கொடுக்கிறார். சாத்தப்பன் ஓடியது ஆறு நிமிடம் இருபது விநாடி. நானாகச் சொல்லவில்லை. பாதையில் மூன்று கிலோமீட்டருக்கு ஒரு இடத்தில் நேரம் பதிவாகும், இணையத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஒன்பது கிலோமீட்டர் வரை, விடாமல், நான்கு விநாடி வேகம். நான்கு விநாடிதானே என்று உதட்டைப் பிதுக்குகிறீர்கள். ஒன்பதால் பெருக்குங்கள். முப்பத்தாறு. முப்பத்தாறு விநாடி முன்னால் இந்தப் பஸ் கிளம்பியிருந்தால் நீங்கள் ஏறியிருப்பீர்களா? இல்லைதானே. அவ்வளவுதான் என் வாதம்.

நான் எங்கே இருந்தேனா? முன்னால். கொடிக்கு முன்னால். அது ஒரு உத்தி அக்கா. பின்னால் ஓடினால் என்ன தெரியும்? ஒருவருடைய முதுகு தெரியும். முன்னால் ஓடினால்தான் கொடி நம்மைத் தாண்டிவிடாமல் பார்த்துக்கொள்ள முடியும். இது சாதாரணத் தர்க்கம், பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குக் கூடப் புரியும். என் வேகம் ஐந்து நிமிடம் ஐம்பது விநாடி. அன்று உடம்பு லேசாக இருந்தது. அது என் சொந்த விஷயம், நான் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. வாக்குக் கொடுத்தவர் அவர். யோசித்துப் பாருங்கள், பின்னால் வருகிற கொடி வேகமாக வந்தால் முன்னால் ஓடுகிறவள் என்ன செய்வாள்? இன்னும் வேகமாகப் போவாள். போனேன். அதற்கு யார் பொறுப்பு?

விசில் வேறு. பேசரிடம் விசில் இருக்கும். முதல் கிலோமீட்டரிலிருந்து பின்னால் விசில். இரண்டு இரண்டாக. பீப், பீப். கொஞ்சம் விட்டு மறுபடியும் பீப், பீப். ஒன்பதாவது கிலோமீட்டர் வரை விடவில்லை மனிதர். காதில் பாட்டு வைத்திருந்தும் கேட்டது. சத்தத்தைக் கூட்டிக்கொண்டேன். இரண்டு முறை ஊதினால் வேகத்தைக் குறை என்று அர்த்தமாம், பிறகு சொன்னார்கள். யார் குறைக்க வேண்டும் என்று விசில் சொல்லுமா? வேகமாக ஓடியது அவர். அவருக்கு அவரே ஊதிக்கொள்கிறார் என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

பதினைந்தாவது கிலோமீட்டரில் என் கால் இரண்டும் கல்லாகிவிட்டது. அதை எப்படிச் சொல்வது? மாவாட்டும் கல்லைத் தூக்கித் தூக்கி வைக்கிற மாதிரி. பதினாறில் நடக்க ஆரம்பித்தேன். அப்போது கொடி வந்தது. பன்னிரண்டு பெயர் எழுதிய கொடி, பதினோரு பேரோடு. எல்லாரும் ஒரே தாளத்தில், பேசிக்கொண்டு வருகிறார்கள் அக்கா, பேசிக்கொண்டு! சாத்தப்பன் வேகத்தைக் குறைத்து, பைக்குள் கையை விட்டு, ஒரு கடலைமிட்டாயை எடுத்து என் கையில் வைத்தார். "சாப்பிடுங்கம்மா, சரியாயிடும்" என்றார். ஆறு மாதத்தில் அவர் எனக்காகப் பேசிய முதல் வாக்கியம். தோற்று நடந்துகொண்டிருக்கும் ஒருத்தி கையில் மிட்டாய்! குழந்தைக்கு ஊசி போட்ட பிறகு கொடுப்பார்களே, அந்த மாதிரி.

சாப்பிட்டேன். பசித்தது.

அவர் இரண்டு மணி பதினான்கு நிமிடத்தில் முடித்தார். நான் இரண்டு மணி முப்பத்தாறு. நான் போய்ச் சேரும்போது பதினோரு பேரும் கொடியைப் பிடித்துப் படம் எடுத்து, டிக் போட்டு, பேனாவை மூடிவிட்டார்கள். திங்கட்கிழமை துறைக்குப் போனால் பலகையில் என் வாழ்த்து அப்படியே இருக்கிறது. யாரோ நேரத்தை மட்டும் அழித்துவிட்டு 'ஒருவழியாக' என்று எழுதியிருந்தார்கள். 'அரை மாரத்தானை ஒருவழியாக நிறைவு செய்த நம் துறை மாணவி.' எழுத்து யாருடையது என்று எனக்குத் தெரியும். அது வேறு கேஸ்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். டீக்கடைக் கொடியைத்தான் பொறுக்க முடியவில்லை. பதினோரு டிக், ஒரு காலி. ஒவ்வொரு ஞாயிறும் வடை தின்கிற எல்லார் கண்ணும் அங்கேதான் போகும். டீ மாஸ்டர் கேட்கிறார், "அந்த 'அங்கயற்' யாருங்க, பாவம், செத்துட்டாங்களா?"

சாத்தப்பனுக்குச் செய்தி அனுப்பினேன். குழுவிலேயே, எல்லாரும் பார்க்கும்படி. 'நீங்கள் குறித்த வேகத்தில் ஓடாததால் நான் பாதிக்கப்பட்டேன். விளக்கம் தேவை.' பதில், ஒரு கும்பிடு பொம்மை. மறுபடி எழுதினேன், வரைபடத்தோடு. கும்பிடு. பதினேழு செய்தி அக்கா, பதினேழு கும்பிடு. இதைவிட ஒருவர் திட்டிவிடலாம்.

சரி என்று குழுவின் விதிமுறைப் புத்தகத்தை எடுத்தேன். எட்டுப் பக்கம். அச்சடித்த நாளிலிருந்து யாரும் பிரித்ததில்லை, ஸ்டேப்ளர் பின் கூடத் துருப்பிடித்திருந்தது. பதினோராவது விதி: கொடி தூக்குபவர் தொடர்ந்து ஐந்து கிலோமீட்டருக்கு மேல், குறித்த வேகத்திலிருந்து மூன்று விநாடிக்கு மேல் விலகினால் ஒரு வருடத்துக்குக் கொடி கிடையாது. மூன்று! அவர் செய்தது நான்கு. படித்ததும் எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? ஜுரத்தில் கிடந்தவளுக்கு ரசம் சாதம் கிடைத்த மாதிரி.

மார்ச் முதல் ஞாயிறு, ஓட்டம் முடிந்து டீக்கடைப் பின்பக்கத்தில் கூட்டம் போட வைத்தேன். செயலாளர் லூர்துசாமி சார் தலைமை, அவர் வங்கியில் வேலை பார்க்கிறார். ஒன்பது பக்கக் குற்றப்பத்திரிகை. நாற்பது பிரதி எடுத்து ஆளுக்கொன்று கொடுத்தேன். பாதிப் பேர் அதில் வடையை வைத்து எண்ணெயைப் பிழிந்தார்கள். பரவாயில்லை. பதினைந்து நிமிடம் பேசினேன். அப்படி நான் எந்தப் பட்டிமன்றத்திலும் பேசியதில்லை.

நடுவில் ரஹ்மத் அக்கா எழுந்தார். டியூஷன் சென்டர் நடத்துகிறவர், சாத்தப்பன் பஸ்ஸில் வந்த பதினோரு பேரில் ஒருவர், என் பெயரைக் கயலு என்று சுருக்கிவிட்டவர். "ஏண்டி கயலு, நீ பஸ்ல ஏறவே இல்லையேடி! பஸ்ஸுக்கு முன்னாடி ஓடிட்டு டிரைவர் மேல கேஸ் போடுறியே, இது என்னாடி நியாயம்?"

எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. "தலைவர் அவர்களே, சாட்சி சொல்பவர் குற்றத்தால் பயன் அடைந்தவர். சுவரில் இருக்கும் பதினோரு டிக்கில் ஒன்று இவருடையது. இவர் சாட்சி செல்லாது" என்றேன். சிரிப்பு நின்றது. ரஹ்மத் அக்கா முகம் ஒரு மாதிரி ஆகி உட்கார்ந்துவிட்டார். சட்டம் படிக்காமலே எனக்கு இவ்வளவு வருகிறது பாருங்கள்.

லூர்துசாமி சார் சாத்தப்பன் பக்கம் திரும்பினார். "சாத்தப்பா, இந்தப் பொண்ணு சொல்ற நாலு செகண்டு நிஜமா?"

"நிஜந்தாங்க."

"ஆறு வருஷத்துல ஒரு தடவ கூட நீ பிசகினதில்லையேப்பா. ஏன் அப்படி ஓடினே? காரணத்தைச் சொல்லு, எழுதிக்கிறேன்."

சாத்தப்பன் என்னைப் பார்த்தார். ஒரு விநாடிதான். பிறகு டீ கிளாஸைப் பார்த்தார். பிறகு அதே கும்பிடு, இந்த முறை உண்மையான கையால். காரணம் இருந்தால்தானே சொல்வதற்கு! விதி விதிதான். அவரே எழுந்து போய்ச் சுவரிலிருந்த கொடியை இறக்கி, கம்பையும் பட்டையையும் லூர்துசாமி சார் மேசையில் வைத்தார். ஆறு வருடம் தூக்கியவர், அந்தக் கம்பை மடக்கத் தெரியாத மாதிரி நின்று தடுமாறினார். தையல் மிஷினையே கண்ணை மூடிக்கொண்டு கழற்றி மாட்டுகிற ஆள் அக்கா! சுத்த நாடகம்.

சந்தோஷமாக இருந்ததா என்றா கேட்கிறீர்கள்? இருந்தது. ஏன் இருக்காது? செவ்வாய்க்கிழமை வரை இருந்தது.

பிறகு என்ன ஆயிற்று என்றால், வாதத்தில் ஜெயித்துவிட்டேன், ஆனால் எதிர்வாதம் வரவே இல்லை. பதில் சொல்லாத ஆளை எப்படி ஜெயிப்பது? சுவரில் அடித்துவிட்டு, கை வலிக்கிறது, சுவர் தோற்றது என்று சொல்ல முடியுமா? எனக்கு அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வேண்டியிருந்தது. தப்புப் பண்ணினேன் என்று. குழுவிலோ என்னைப் பார்த்தால் ஷூ கயிறு கட்டக் குனிந்துகொள்வார்கள். வடைத் தட்டு என்னைத் தாண்டிப் போகும். உண்மை சொன்னவளுக்கு நடப்பதுதானே, நான் கவலைப்படவில்லை. முடிவு பண்ணினேன்: அடுத்த பந்தயம் ஜூலை, புதுக்கோட்டை. அதில் சாத்தப்பனை முந்திப் போய், எல்லைக்கோட்டில் நின்று, அவர் மூச்சு வாங்கிக்கொண்டு வரும்போது எல்லார் முன்னாலும் கேட்பது. மூச்சு வாங்குகிற ஆளால் கும்பிட முடியாது.

எதிரியைத் தோற்கடிக்க எதிரியைப் படிக்க வேண்டும். ஏப்ரலிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் கல்லணைச் சாலையில் அவருக்கு ஐம்பது அடி பின்னால் ஓடினேன். உளவு. அவர் காலடியை எண்ணுவேன், அவர் எப்போது தண்ணீர் குடிக்கிறார் என்று பார்ப்பேன், நானும் அப்போதே குடிப்பேன். அவர் மேட்டில் சின்ன அடி வைப்பார், நானும் வைப்பேன். முதலில் அந்த மந்த வேகம் எனக்கு எரிச்சலாக இருந்தது. ஆனால் வெறுப்பு இருக்கிறதே அக்கா, அது ஒருவரைப் பொறுமையாக்கும். பதினாறு, பதினெட்டு கிலோமீட்டர் போனாலும் கால் கல்லாகவில்லை. அவரைத் தோற்கடிக்கும் ஆசையால்தான் அந்தப் பலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேறு என்ன காரணம் இருக்க முடியும்? அவர் ஒரு நாள் கூட ஏன் பின்னால் வருகிறாய் என்று கேட்கவில்லை. அந்தத் திமிரும் கணக்கில் இருக்கிறது.

இன்று காலை. இரண்டே கால் மணிக்குக் கொடியே இல்லை, வேறு யாரும் தூக்க முன்வரவில்லையாம். கோழைகள். சாத்தப்பன் வெறும் முதுகோடு நின்றார். ஆனால் அந்தப் பதினோரு பேரும் அவரைச் சுற்றி வந்து நின்றுகொண்டார்கள், ரஹ்மத் அக்கா உட்பட. கொடி இல்லாத ஆளோடு எதற்கு? விதிமுறைக்கு என்ன மரியாதை? நான் ஐம்பது அடி பின்னால், வழக்கம்போல. வேகத்தடை வரும்போதெல்லாம் அவர் கை தானாகத் தோளுக்குப் போகும், இல்லாத கம்பைப் பிடிக்க. நன்றாகப் பார்த்துக்கொண்டேன் அதை. மூன்று, நான்கு தடவை திரும்பியும் பார்த்தார். நான் வந்துகொண்டுதான் இருக்கிறேனா என்று. பயம், பின்னே?

பத்தொன்பதில் தாண்டினேன். பக்கத்தில் போகும்போது அவர் முகத்தைப் பார்க்கவில்லை, நேராகப் போனேன். இரண்டு மணி பதின்மூன்று நிமிடம்! ஜனவரியைவிட இருபத்துமூன்று நிமிடம் குறைவு. கையைத் தட்ட வேண்டாம் அக்கா, டிரைவர் திரும்பிப் பார்க்கிறார். தண்ணீர் கூடக் குடிக்காமல் கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றேன். அவர் இரண்டு மணி பதினான்கு நிமிடம் ஐம்பத்தெட்டு விநாடிக்கு வந்தார். கொடி இல்லை, கேட்க ஆளில்லை, அப்படியும் ஐம்பத்தெட்டு.

வழியை மறித்துக்கொண்டு கேட்டேன், பதினோரு பேருக்கும் கேட்கும்படி: "இப்பவாவது வாயத் திறந்து பதில் சொல்லுங்க. ஜனவரியில நாலு செகண்டு வேகமா ஓடினீங்களா இல்லையா? ஏன் ஓடினீங்க? நீங்க பண்ணினது தப்பா இல்லையா?"

ஒப்புக்கொண்டார் அக்கா. அவர் வாயாலேயே. கும்பிடவில்லை, முழு வாக்கியமாகப் பேசினார். இதுதான் நான் ஆறு மாதம் காத்திருந்த வாக்குமூலம். இதை இப்படியே குழுவில் போடப்போகிறேன். ஏறினதிலிருந்து நான்கு தடவை தட்டச்சு செய்து அழித்துவிட்டேன், பஸ் இந்தக் குலுக்குக் குலுக்கினால் எப்படி எழுதுவது? கீரனூர் வந்துவிட்டது, எழுந்திருக்காதீர்கள், இன்னும் நிற்கவில்லை. ஒரு எழுத்து மாற்றாமல் சொல்கிறேன், நீங்களே கேட்டுத் தீர்ப்புச் சொல்லிவிட்டு இறங்குங்கள். தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டு, சாதாரணமாக, டீ சொல்கிற மாதிரிச் சொன்னார்:

"ஆமாம்மா, வேகமாத்தான் ஓடினேன், தப்புத்தான். கொடியில பன்னெண்டு பேரு. பதினோரு பேரு பின்னாடி வர்றாங்க, ஒரு ஆளு முன்னாடி பறந்துட்டிருக்கு. விசில் அடிச்சேன், கேக்கல. எட்டிப் பிடிச்சு நிறுத்திடலாம்னு ஒம்பது கிலோமீட்டர் பார்த்தேன். அதுக்கு மேல போனா பின்னாடி வர்றவங்க விழுந்துடுவாங்கன்னு விட்டுட்டேன். அன்னைக்குக் கூட்டத்துல இதைச் சொல்லியிருந்தா கொடி எங்கிட்டயே இருந்திருக்கும், நீங்கதான் அன்னைக்கோட ஓட்டத்துக்கே வராம நின்னுருப்பீங்க. இன்னைக்கு அந்தத் தொல்லையே இல்லம்மா. திரும்பித் திரும்பி எண்ணினேன், பத்தொம்பது வரைக்கும் பன்னெண்டும் பின்னாடியேதான் இருந்துச்சு."